நாலாவது மாடி, 72 படி, ஒரு முழங்கால்: பிசியோதெரபியை உருப்படியாகப் பயன்படுத்துவது எப்படி

ரங்கூன் நகரத்துக்குள் பழைய கட்டடங்களில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப்போ பையோ இருக்கும், கீழே இருந்து பேப்பர்காரர் இழுத்தால் மேலே மணி அடிக்கும். எங்கள் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது, 72 படி. வலது முழங்கால் வலிக்க ஆரம்பித்தபோது எனக்கு 56 வயது, உடனே நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் படி இறங்குவதை நிறுத்தியதுதான். கீரையா, கயிறு. காலைச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு நூடுல்ஸ் மொயிங்காவா, கயிறு. மாத்திரைகூடக் கயிற்றில்தான் வந்தது. காலுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, ஏழே மாதத்தில் சோபாவிலிருந்து எழுந்திருக்கவே இரண்டு கையையும் ஊன்ற வேண்டியதாகிவிட்டது. என் காலைக் கெடுத்தது அந்தக் கயிறுதான் என்று இப்போது சொல்கிறேன், அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

தைலம் தேய்த்தேனா என்றால், தேய்க்காமல் இருப்பேனா. டைகர் பாம் குடும்பத்தின் மருந்துக்கடை 1870களில் தொடங்கியதே நம்ம ரங்கூனில்தான், 1926-இல்தான் சிங்கப்பூருக்குப் போனது, அதனால் அதன்மேல் எனக்கு ஊர்ப் பாசம் உண்டு. அதில் இருக்கும் கற்பூரமும் மெந்தாலும் தோலில் சூடும் குளிர்ச்சியும் காட்டி வலியைக் கொஞ்ச நேரம் மந்தமாக்கும், அது பொய்யில்லை. தூங்கப் போகும்முன் தேய்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் இளைத்துப்போன தொடைச் சதையைத் தைலம் வளர்க்காது.

கடைசியில் பிசியோவிடம் போனேன், அதுவும் எதற்கு, "கரண்ட் வைத்துக்கொள்ள". நம் ஆட்கள் பலருக்கும் பிசியோதெரபி என்றால் அதுதான், படுத்துக்கொண்டால் ஒயரை ஒட்டி மெஷினைப் போடுவார்கள், இருபது நிமிஷம் கழித்து எழுந்து வரலாம். நான் போன நேரம் பார்த்து ஊரிலேயே கரண்ட் போய்விட்டது, இங்கே அது ஒரு செய்தியே இல்லை. சரி, வீட்டுக்குப் போகலாம் என்று நாற்காலியிலிருந்து எழுந்தேன். எழுந்ததை அந்த பிசியோப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆன்ட்டி, இன்னொரு தடவை உட்கார்ந்து எழுந்திருங்க. இந்தத் தடவை கையை ஊன்றாம."

முடியவில்லை. பாதி தூரம் எழுந்து தொப்பென்று விழுந்தேன். என் மகள் வயசுகூட இருக்காது அவளுக்கு, சிரிக்கவில்லை, ஒரு தலையணையை எடுத்து நாற்காலிமேல் போட்டு உயரத்தைக் கூட்டி, இப்போது எழுந்திருங்கள் என்றாள். எழுந்தேன். எட்டுத் தடவை எழுந்தேன். "மெஷின் ஓடியிருந்தாலும் கடைசியில இதைத்தான் கொடுத்திருப்பேன் ஆன்ட்டி" என்றாள். அன்றைக்குக் கரண்ட் இருந்திருந்தால் நான் அதைக் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

முதல் தடவை போகும்போது

வலிக்கிறது, வலிக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். எது முடியவில்லை என்று சொல்லுங்கள். எத்தனையாவது படியில் நிற்க வேண்டியிருக்கிறது, காலையில் எழுந்ததும் கால் எவ்வளவு நேரம் விறைப்பாக இருக்கிறது, ராத்திரி வலி எழுப்புகிறதா, கோயிலில் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யார் கை கொடுக்கிறார்கள். இதைப் போகும் முன்னாடியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது, அங்கே போனதும் மறந்துவிடும். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இடுப்பில் கட்டும் லோஞ்சிக்கு உள்ளே ஒரு அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டால் முழங்காலைக் காட்டச் சங்கடம் இருக்காது.

நல்ல பிசியோ உங்களை நடக்கவிட்டுப் பார்ப்பார், காலை மடக்கி நீட்டுவார், கையால் எதிர்த்துப் பிடித்துத் தொடையின் பலத்தைப் பார்ப்பார், முழங்கால் வலி என்று போனால் இடுப்பையும் கணுக்காலையும் சேர்த்துப் பார்ப்பார். காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மெஷினில் போட்டு அனுப்பினால், பத்து நாள் வரச் சொல்லிப் பணம் வாங்கினால், வேறு ஆளைத் தேடுங்கள் என்பேன். இங்கிலாந்தில் நைஸ் என்ற அரசு அமைப்பு 2022-இல் மூட்டுத் தேய்மானத்துக்கு வெளியிட்ட வழிகாட்டியில், நோயாளிகள் எல்லாருக்கும் அவரவர்க்கு ஏற்ற உடற்பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறது, மின் சிகிச்சை மெஷின்களையும் அல்ட்ராசவுண்டையும் கொடுக்க வேண்டாம் என்றிருக்கிறது, பலன் இருப்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்பது காரணம். ரங்கூனிலும் மாண்டலேயிலும் மருத்துவத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, பிசியோதெரபிக்கென்றே அங்கே பட்டப்படிப்பு உண்டு. வைத்தியம் பார்ப்பவர் எங்கே படித்தார் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எலும்பு ஒடிக்கிறேன், நரம்பு இழுக்கிறேன் என்பவர்களும் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள் அல்லவா.

இன்னொன்று, உங்கள் இலக்கு என்ன என்று கேட்பார். "வலி போகணும்" என்று சொன்னால் அவருக்கும் பிடி கிடைக்காது, உங்களுக்கும் கிடைக்காது. நான் சொன்னது, 72 படியையும் நடுவில் நிற்காமல் ஏற வேண்டும்.

தேய்ந்துபோனதை ஏன் அசைக்கச் சொல்கிறார்கள்

எனக்கும் இதே கேள்விதான். தேய்ந்த மூட்டை இன்னும் ஆட்டினால் இன்னும் தேயாதா, செருப்பு தேய்வதுபோல? மூட்டு செருப்பு இல்லை, அது உயிருள்ள பொருள். எலும்பு நுனியில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, அதைச் சுற்றியிருக்கும் மூட்டுத் திரவத்திலிருந்துதான் அது சாப்பிட வேண்டும். ரசத்தில் ஊறிய வடையை அமுக்கினால் ரசம் வெளியே வருகிறது, விட்டால் உள்ளே போகிறது பாருங்கள், மூட்டில் எடை ஏறி இறங்கும்போது நடப்பது ஏறக்குறைய அதுதான். அசையாமல் வைத்தால் பட்டினி. அப்புறம் தொடைத் தசை, முழங்காலுக்கு வரும் அதிர்ச்சியில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது, அது இளைத்துவிட்டால் எல்லாம் மூட்டின் தலையில் விழும். நான் கயிற்றை நம்பி உட்கார்ந்த ஏழு மாதத்தில் என் வலது தொடை இடது தொடையைவிட இளைத்திருந்தது, அவள் டேப் வைத்து அளந்து காட்டினாள்.

நாள்பட்ட வலியில் நரம்புகளும் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி ஆகிவிடுகின்றன. சின்ன அசைவுக்கும் பெரிய கூச்சல் போடும். அதனால் வலிக்கிறது என்றாலே உள்ளே ஏதோ கிழிகிறது என்று பொருள் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பழக்கினால் அந்தக் கூச்சல் அடங்கும்.

நாற்காலி

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் இதைச் செய்யுங்கள். கை வைக்காத சாதாரணச் சாப்பாட்டு நாற்காலி போதும், பின்பக்கம் சுவரை ஒட்டிப் போடுங்கள், பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும், அதில் கவனம். டீக்கடையில் போடும் குட்டி ஸ்டூல் இதற்கு ஆகாது. நாற்காலியின் முன் நுனிக்கு வந்து உட்காருங்கள், பாதங்கள் இடுப்பு அகலத்துக்கு, குதிகால் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் வரும்படி இழுத்துக்கொள்ளுங்கள். மூக்கு கால் விரலுக்கு நேராக வரும் அளவுக்கு முன்னால் சாய்ந்து, அப்படியே எழுந்திருங்கள். முதுகை நேராக வைத்துக்கொண்டு எழ முயன்றால்தான் முடியாமல் போகிறது, சாய்வதில்தான் சூட்சுமம்.

எழுவதுபோலவே மெதுவாக உட்காருவதிலும் பலம் வருகிறது, இங்கேதான் எல்லாரும் ஏமாற்றுவோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்க வேண்டும், கடைசி நாலு விரற்கடையில் தொப்பென்று விழக் கூடாது. முழங்கால் இரண்டும் உள்பக்கம் ஒன்றை ஒன்று பார்க்கிறதா என்று கவனியுங்கள், கால் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்க வேண்டும். எட்டுத் தடவை, ஒரு நிமிஷம் ஓய்வு, மறுபடி எட்டு. முடியவில்லையா, தலையணை போடுங்கள், இன்னும் முடியவில்லையா, இரண்டு தலையணை. சுலபமாக வந்துவிட்டால் தலையணையை எடுங்கள், அப்புறம் பத்துத் தடவை, பன்னிரண்டு, மூன்று சுற்று, அப்புறம் கையில் ஒரு தண்ணீர் பாட்டில். வாரத்தில் மூன்று நாள் இதை உருப்படியாகச் செய்தால் போதும். தீமிதிக்கு விரதம் இருந்து பூவில் இறங்கத் தெரிந்த குடும்பம் எங்களுடையது, பத்து நிமிஷம் நாற்காலியில் எழுந்து உட்காரத்தான் எனக்குப் பொறுமை வரவில்லை.

நாற்காலியே முடியாத அளவு வலி இருப்பவர்கள் கட்டிலிலிருந்து தொடங்கலாம். ஒரு பழைய லோஞ்சியைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, காலால் அதைக் கட்டிலோடு அழுத்துங்கள், தொடை கல்லாக இறுகும், ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள், பத்துத் தடவை. அது பழகினால், ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு இன்னொன்றை நீட்டியபடியே, மடக்கிய முழங்கால் உயரம் வரைக்கும் தூக்கி இறக்குங்கள். மூச்சை அடக்காதீர்கள். குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் நின்று இறங்குவதை நான் சோறு வேகும்போது அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டே செய்கிறேன், தனியாக நேரம் ஒதுக்கினால் நடக்காது.

எவ்வளவு வலி வந்தால் நிறுத்த வேண்டும் என்பதற்கு அவள் கொடுத்த கணக்கு இது. வலியே இல்லை என்பது 0, தாங்கவே முடியாது என்பது 10 என்று வைத்துக்கொண்டால், பயிற்சியின்போது 4 வரைக்கும் போகலாம். மறுநாள் காலையில் கால் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வராமல் கூடியிருந்தாலோ வீங்கியிருந்தாலோ நேற்றுச் செய்தது அதிகம், பாதியாகக் குறையுங்கள். குறைக்கச் சொல்கிறேன், விட்டுவிடச் சொல்லவில்லை.

முதல் மூன்று வாரம் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நிஜமாகவே விட்டுவிட இருந்தேன். ஆறாவது வாரம்தான் ஒரு நாள் போன் மணி அடிக்க, சோபாவிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து போய் எடுத்தேன், எடுத்த பிறகுதான் அது உறைத்தது. தசைக்குப் பலம் ஏற மூன்று மாதம் வரை ஆகும், இதில் குறுக்கு வழி கிடையாது.

படி, கம்பு, தரை

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். எடையைத் தூக்குவதும் தாங்கி இறக்குவதும் நல்ல காலின் வேலையாக இருக்கட்டும் என்பதுதான் கணக்கு. வலி குறைந்தபின் மாற்றி மாற்றி வைத்துப் பழகுங்கள், இல்லாவிட்டால் இதுவே பழக்கமாகி ஒரு கால் சோம்பேறி ஆகிவிடும். கம்பு வைத்துக்கொள்வதானால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். நம் ஆட்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் வலிக்கிற பக்கமே பிடித்திருப்பதைக் கோயில் வாசலில் பார்க்கிறேன். கம்பின் பிடி மணிக்கட்டு உயரத்துக்கு இருக்க வேண்டும்.

குந்தி உட்காருவதையும் தரையில் சம்மணம் போடுவதையும் ஆயுள் முழுக்க விட்டுவிடு என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். இந்த ஊரில் அது நடக்கிற காரியமா, முகத்தில் பூசும் தனக்கா மரப்பட்டை அரைப்பதிலிருந்து கோயில் சாப்பாடு வரைக்கும் எல்லாம் தரையில்தானே. வலி கடுமையாக இருக்கும்போது தள்ளி வையுங்கள், டீக்கடையில் இரண்டு ஸ்டூலை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி உட்காருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பலம் வந்தபின் பிசியோவிடம் சொல்லித் தரையில் இறங்கி எழுவதையே ஒரு பயிற்சியாகக் கேட்டு வாங்குங்கள்.

உடம்பு கனமாக இருந்தால், ஒரு கிலோ குறைத்தாலே ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் ஏறும் பாரம் நாலு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று 2005-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நான் மூன்று கிலோதான் குறைத்தேன். பாலாடையும் சீனியும் போட்ட டீயை விடுவது முழங்கால் வலியைவிடக் கொடுமை.

முதுகு வலிக்காரர்களுக்கு

மோல்மேனில் கொழுந்தனார் அரிசிக் கடை வைத்திருக்கிறார், 50 கிலோ மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. "அண்ணி, டிஸ்க் நழுவிடுச்சாம், குனியவே கூடாதாம்" என்று போனில் அழாத குறை. ஒரு வருஷம் பெல்ட் கட்டிக்கொண்டு பொம்மை மாதிரி நடந்தார். டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை, சோப்பு மாதிரி நழுவி விழும் பொருள் இல்லை, கொஞ்சம் பிதுங்கும், அப்படிப் பிதுங்கினாலும் வலி பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானாகவே அடங்கும். வலியே இல்லாதவர்களின் முதுகு ஸ்கேன்களை அலசிப் பார்த்து 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. ஆகையால் ஸ்கேன் தாளைப் பார்த்துப் பயந்து படுத்துவிடாதீர்கள்.

2020-இல் உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி, அதாவது கீழ்முதுகு வலி, இருந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது, அதிலும் பயிற்சியும் வலியைப் பற்றிய விளக்கமும் வேண்டும் என்றும், இடுப்புப் பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் வேண்டாம் என்றும்தான் இருக்கிறது. கொழுந்தனாருக்குக் கிடைத்த பயிற்சி சின்னதுதான். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்கி இறக்குவது, தினம் நடை, அப்புறம் முழங்காலையும் இடுப்பையும் மடக்கி மூட்டையை உடம்போடு ஒட்டித் தூக்கப் பழகுவது, அதுவும் முதலில் 5 கிலோ பையில். குனியக் கூடாது என்று இருந்தவரைக் குனியப் பழக்குவதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.

பிசியோவை விட்டுவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டிய சமயங்களும் உண்டு. முதுகு வலியோடு சேர்ந்து சிறுநீர் போக முடியாமலோ அடங்காமலோ போனால், உட்காரும் இடம் மரத்துப்போனால், கால் திடீரென்று பலமிழந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புது எலும்பு வலி, விழுந்தபின் கால் ஊன்றவே முடியாதது, மூட்டு சிவந்து கொதிப்பது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவற்றில் எதுவும் நாற்காலிப் பயிற்சிக்குக் காத்திருக்காது.

கடையில் நாலைந்து மாத்திரையைச் சேர்த்துக் கட்டித் தரும் பொட்டலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரே வேளையில் வலி பறந்துவிடும், அதுதான் அதன் ஆபத்து. டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை நாள்கணக்காகத் தின்றால் வயிறு புண்ணாகி ரத்தம் கசியலாம், சிறுநீரகம் கெடலாம், பிரஷர் ஏறும். பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருந்தால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், மாதக்கணக்கில் தின்றுவிட்டு டக்கென்று நிறுத்துவதும் ஆபத்து. பெயர் தெரியாத மாத்திரை வேண்டவே வேண்டாம்.

திடீரென்று வலி கூடும் நாள் எல்லாருக்கும் வரும், எனக்குத் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவில் பேரப்பிள்ளைகளோடு தண்ணீர் ஊற்றி ஆடியதற்கு மறுநாள் வந்தது. அன்றைக்கு முழுக்கப் படுக்காமல் வீட்டுக்குள் அரை மணிக்கு ஒரு தடவை நடங்கள், விறைப்பாக இருந்தால் வெந்நீர் ஒத்தடம், வீங்கிச் சூடாக இருந்தால் துணியில் சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிஷம், பயிற்சியில் லோஞ்சி அழுத்துவது மட்டும். இரண்டு மூன்று நாளில் பழையபடி.

நடைக்கு நான் காந்தாஜி ஏரிப்பக்கம் போகிறேன், காலை வெயிலுக்கு முன்னால். வாரத்துக்கு 150 நிமிஷம் என்பது பெரியவர்களுக்குச் சொல்லப்பட்ட அளவு, நான் ஐந்து நிமிஷத்தில் தொடங்கினேன், பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்து. 65 தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது நிலைதடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் செய்ய வேண்டும், சுவரோரம் ஒற்றைக்காலில் நிற்பதே போதும், கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவதைவிட அது சுலபம்.

72 படியில் இப்போது நடுவில் நிற்பதில்லை, கைப்பிடியை மட்டும் விடவில்லை. கீரைக்கு நானே இறங்கிப் போய், முற்றலா இளசா என்று கிள்ளிப் பார்த்து வாங்குகிறேன், அந்த ஏழு மாதமும் கீரைக்காரி எனக்கு முற்றலையே கட்டி அனுப்பியிருக்கிறாள். மழைக் காலத்தில் எங்கள் படிக்கட்டு பாசி பிடித்து வழுக்கும், அந்த நாளில் மட்டும் கயிறு.